போடியில் மஞ்சள் கால், ஏலமலையில் சிவப்புக் கால்: இரண்டு பச்சைப்புறாக்களை எப்படிப் பிரித்தறிவது?

போடிநாயக்கனூர் பக்கம் கண்மாய்க்கரை ஆலமரம் பழுத்துவிட்டால், காலையில் மரத்துக்குள் இருந்து யாரோ சன்னமாக விசில் அடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். நிமிர்ந்து பார்த்தால் இலையைத் தவிர ஒன்றும் தெரியாது. கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் போதும், இலை என்று நினைத்ததில் பாதி படபடவென்று பறந்து போகும். அதுதான் பச்சைப்புறா.

அங்கிருந்து முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போனால் அங்கேயும் பச்சைப்புறா உண்டு. அதுவும் விசில்தான் அடிக்கும், அத்திப் பழம்தான் தின்னும், இலைக்குள் அதேபோல ஒளியும். தினமும் காலையில் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி வேலைக்குப் போகும் பலர் இரண்டு இடத்திலும் இதைக் கேட்டிருப்பார்கள். ஆனால் கீழே கேட்டதும் மேலே கேட்டதும் பெரும்பாலும் ஒரே பறவை கிடையாது.

கீழே இருப்பது மஞ்சள்கால் பச்சைப்புறா. மேலே இருப்பது சாம்பல்நெற்றிப் பச்சைப்புறா. ஒரே பேரினம், நெருங்கிய சொந்தம். வித்தியாசம் தெரிந்தால் எதற்கு ஆகும் என்று கேட்கலாம். முதலாவது பாகிஸ்தானில் தொடங்கி வியட்நாம் வரை பரவியிருக்கிறது. இரண்டாவது உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது. மலையில் அதற்கு வேண்டிய மரம் போய்விட்டால் அதற்கு வேறு ஊர் கிடையாது.

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை இதுதானா?

இல்லை. இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு உண்டு. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா. அதற்கு முதுகும் இறக்கையும்தான் வெண்கலம் கலந்த பச்சை. மார்பும் வயிறும் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, அலகு பளிச்சென்ற சிவப்பு. காட்டுக்குள் தரையில் நடந்து, விழுந்து கிடக்கும் விதையையும் பழத்தையும் பொறுக்கித் தின்னும். மலைப்பாதையில் வண்டிக்கு முன்னால் திடீரென்று தாழ்வாகக் குறுக்கே பறந்து போவது பெரும்பாலும் இதுதான்.

பச்சைப்புறாக்கள் அப்படித் தரையில் மேயாது. வாழ்க்கை முழுக்க மரத்து மேலேதான். உடம்பும் பெரும்பகுதி பச்சை மஞ்சள்தான். மஞ்சள்கால் பச்சைப்புறாவும் ஒரு மாநிலப் பறவைதான். ஆனால் நமக்கு இல்லை, மகாராஷ்டிராவுக்கு. அங்கே அதற்கு ஹரியால் என்று பெயர்.

இன்னொரு பெயர்க் குழப்பமும் இருக்கிறது. இணையத்தில் ‘ஃப்ரூட் டவ்’ என்று தேடினால் பச்சை, ஊதா, ஆரஞ்சு எல்லாம் கலந்த, பொம்மை மாதிரி இருக்கும் புறாக்களின் படங்கள் வரும். வாட்ஸ்அப்பில் ‘நம்ம மலையில் எடுத்தது’ என்று சுற்றுவதிலும் இவை உண்டு. அவை டைலினோபஸ் என்ற பேரினம். தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள்தான் அவற்றின் ஊர். தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ அவை கிடையாது. நம்ம ஊரில் பழம் தின்னும் புறா என்றால் முதலில் நிற்பது ட்ரெரான் பேரினத்தைச் சேர்ந்த பச்சைப்புறாக்கள்தான்.

எதைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிப்பது?

காலைப் பாருங்கள். மற்ற எல்லாம் அப்புறம்.

மஞ்சள்காலுக்குப் பெயரிலேயே இருப்பது போல, கால் நல்ல எலுமிச்சை மஞ்சள். தலை சாம்பல், கழுத்தும் மார்பும் மஞ்சளும் ஆலிவ் பச்சையும் கலந்தது. தென்னிந்தியாவில் இருக்கும் உள்ளினத்துக்கு வயிறும் மஞ்சளாகவே இருக்கும். வட இந்தியாவில் இருப்பதற்கு வயிறு சாம்பல். இறக்கை மடிந்திருக்கும்போது தோள்பட்டையில் வெளிறிய ஊதா நிறத்தில் ஒரு திட்டு தெரியும்.

சாம்பல்நெற்றிக்குக் கால் சிவப்பு. தூரத்தில் கொஞ்சம் இளஞ்சிவப்பாகத் தெரியலாம், மஞ்சளாக மட்டும் தெரியாது. நெற்றியும் உச்சந்தலையும் சாம்பல், முகமும் தொண்டையும் மஞ்சள் கலந்த பச்சை. ஆண் பறவை திரும்பி உட்கார்ந்தால் வேலை சுலபம். அதன் முதுகு முழுக்க அடர்ந்த அரக்கு நிறம், பச்சை உடம்பின் மேல் ஒரு அரக்குச் சால்வையைப் போர்த்தின மாதிரி. மஞ்சள்காலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்த அரக்கு முதுகு கிடையாது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

சிக்கல் சாம்பல்நெற்றியின் பெண்ணிடம்தான். அதற்கு முதுகும் பச்சை. சும்மா பார்த்தால் ‘ஒரு சின்ன பச்சைப்புறா’ என்றுதான் சொல்லத் தோன்றும். அப்போது மறுபடியும் காலுக்குத்தான் வரவேண்டும்.

அளவும் உதவும். மஞ்சள்கால் சுமார் 33 சென்டிமீட்டர், அதாவது கோயில் கோபுரத்து மாடப்புறா அளவு, பார்வைக்கு நல்ல தடிப்பு. சாம்பல்நெற்றி 27, 28 சென்டிமீட்டர்தான். இரண்டையும் ஒரே மரத்தில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். அடிவாரத்தில், பழம் நிறைந்த ஒரு அத்தி மரத்தில் அந்த வாய்ப்பு இல்லாமல் இல்லை.

இதற்கு நடுவில் மூன்றாவது ஒன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் ஏமாந்துவிடுவீர்கள். ஆரஞ்சுமார்புப் பச்சைப்புறா. அதற்கும் கால் சிவப்பு, அளவும் சாம்பல்நெற்றி அளவுதான். ஆனால் ஆணின் மார்பில் மேலே ஊதாப் பட்டை, அதன் கீழே ஆரஞ்சு. முதுகு பச்சைதான், அரக்கு கிடையாது. ஆண் பெண் இரண்டுக்கும் பிடரிதான் சாம்பல், நெற்றி அல்ல. நெற்றியில் சாம்பலா, பிடரியில் சாம்பலா என்பது பைனாகுலர் இல்லாமல் பார்க்கிறவர்களுக்குக் கஷ்டம்தான். செல்போனில் ஜூம் செய்து ஒரு படம் எடுத்துவைத்து நிதானமாகப் பார்ப்பது நல்லது.

சத்தத்தைப் பொறுத்தவரை, மாடப்புறா மாதிரி இவை குமுறாது. ஏறி இறங்கும் சீழ்க்கை. யாரோ ஒருவர் பாட்டு மறந்துபோய் ராகத்தை மட்டும் இழுத்துக்கொண்டே போவது போல இருக்கும். இரண்டின் சீழ்க்கையும் நெருக்கமானது என்பதால், சத்தத்தை மட்டும் நம்பி இனத்தை முடிவுசெய்வது பழகியவர்களுக்கே சரிப்பட்டு வரும்.

ஒன்று கீழே, ஒன்று மேலே. ஏன்?

போடியின் நிலப்பரப்பைப் பார்த்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை அரபிக்கடலிலிருந்து வந்து மலையின் கேரளச் சரிவில் கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது மேகத்தில் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது. ஜூலையில் போடிமெட்டில் குடை இல்லாமல் நிற்க முடியாது; அதே நேரத்தில் கீழே போடியில் காற்று மட்டும் அடிக்கும். அதனால்தான் கிழக்குச் சரிவில் முள்காடும் இலையுதிர் காடும், அடிவாரத்தில் மாந்தோப்பும் இலவம்பஞ்சு மரமும் தென்னையும். மேற்கே பசுமைமாறாக் காடும் அதன் நிழலில் ஏலக்காயும்.

மஞ்சள்கால் வறட்சியைத் தாங்கும் பறவை. இலையுதிர் காடு, கிராமத்துத் தோப்பு, சாலையோர ஆலமரம், கோயில் அரசமரம் எல்லாம் அதற்குப் போதும். டெல்லி, பெங்களூரு போன்ற பெருநகரங்களின் பூங்காக்களில்கூட அது பிழைத்துக்கொள்கிறது. மரம் மட்டும் பெரிதாக இருக்கவேண்டும், பழம் இருக்கவேண்டும்.

சாம்பல்நெற்றிக்கு ஈரம் வேண்டும். பசுமைமாறாக் காடு, ஈர இலையுதிர் காடு, அவற்றை ஒட்டி நாட்டு மரங்கள் நிற்கும் காபி, ஏலத் தோட்டங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மகாராஷ்டிராவின் தென்பகுதி, கோவா தொடங்கி கர்நாடகம், கேரளம், தமிழ்நாட்டு மலைகள் வரை இந்த ஈரப் பட்டை எங்கே போகிறதோ அங்கெல்லாம் அது இருக்கிறது. பட்டை முடிந்த இடத்தில் அதுவும் முடிந்துவிடும்.

இன்னும் மேலே, சோலைக்காடு வரும் உயரத்துக்குப் போனால் வேறு ஒரு புறா வந்துவிடும்: நீலகிரிக் காட்டுப்புறா. சாம்பலும் அரக்கும் கலந்த உடம்பு, பிடரியில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சதுரங்கப் பலகை மாதிரி ஒரு திட்டு. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே சொந்தம், அழிவாபத்து உள்ளவற்றின் சர்வதேசப் பட்டியலில் ‘பாதிப்புக்குள்ளாகக்கூடியது’ என்ற நிலையில் இருக்கிறது. ஆக, கொட்டகுடி ஆற்றங்கரையில் தொடங்கி மலை உச்சி வரை ஒரே நாளில் ஏறினால் மூன்று மாடி, மூன்று புறா.

காலைத் தரையில் வைக்காத பறவை என்பது உண்மையா?

ஹிந்தி பேசும் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. ஹரியால் பிறந்ததிலிருந்து சாகும்வரை மண்ணில் கால் வைக்காது, தண்ணீர் குடிக்க இறங்கினால்கூட ஒரு குச்சியைக் காலில் பிடித்துக்கொண்டுதான் இறங்கும் என்பார்கள். விட்டுப்பிரியாத பக்திக்கு இதை உவமையாகச் சொல்கிற வழக்கமே அங்கே இருக்கிறது.

குச்சி விஷயம் கதைதான். ஆனால் கதை சும்மா பிறக்கவில்லை. பச்சைப்புறா தரைக்கு வருவது உண்மையிலேயே அபூர்வம். தண்ணீருக்கும், சில சமயம் உப்பு மண்ணுக்கும் இறங்கும், அவ்வளவுதான். மற்றபடி உணவு, தூக்கம், கூடு எல்லாம் மரத்தில். பழத்துக்காகக் கிளையில் கிளி மாதிரி ஏறி, எட்டி, தேவைப்பட்டால் தலைகீழாகத் தொங்கித் தின்னும். அந்தப் பிடிக்குத் தகுந்த மாதிரி விரல்கள்.

கூடு பார்த்தால் சிரிப்பு வரும். நாலு குச்சியைக் குறுக்கே நெடுக்கே போட்டதுதான் கூடு. கீழே நின்று பார்த்தால் சில சமயம் முட்டையே தெரியும். இரண்டு வெள்ளை முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சுக்கு முதலில் கொடுப்பது தொண்டைப்பையில் ஊறும் ‘புறாப்பால்’; இதை ஆண் பறவையும் கொடுக்கும். மஞ்சள்காலின் கூடுகட்டும் காலம் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூன் வரை. அது கோடை என்பதைக் கவனிக்கவேண்டும். காடு காய்ந்து கிடக்கும் நேரத்தில் குஞ்சுக்கு எங்கிருந்து உணவு?

அத்தி மரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் ஒரே குடும்பம், ஃபைகஸ். இவற்றுக்கு ஒரு தனிப்பழக்கம். மாமரம் என்றால் ஊரெல்லாம் ஒரே சீசனில் காய்க்கும். அத்தி வகை அப்படிக் காய்க்காது. ஒவ்வொரு மரமும் தனக்கென்று ஒரு கணக்கில் பழுக்கும். இந்த மரத்தில் இன்று பழம், அடுத்த ஊர் மரத்தில் அடுத்த மாதம் பழம். இதற்குக் காரணம் அதன் பூவுக்குள் போய் மகரந்தம் சேர்க்கும் ஒரு குட்டிக் குளவி. கடுகை விடச் சின்னது. வளர்ந்த குளவியின் ஆயுள் ஓரிரு நாள்தான் என்பதால், அந்தப் பக்கத்தில் எப்போதும் ஏதாவது ஒரு மரத்தில் அதற்கு இடம் இருந்தாகவேண்டும். எல்லா மரமும் ஒன்றாகப் பழுத்துவிட்டால் குளவி அழிந்துவிடும், பின்னாலேயே மரமும்.

அந்தக் குளவிக்காக நடக்கும் ஏற்பாட்டில் பிழைப்பது பச்சைப்புறா. நாவல், இலந்தை எல்லாம் அதற்குக் கிடைத்தால் தின்னும், ஆனால் ஆண்டு முழுக்கக் கைவிடாதது அத்திவகைதான். அதனால் ஒரு பச்சைப்புறாக் கூட்டத்துக்கு ஒரு ஆலமரம் போதாது. பறந்து போகும் தூரத்துக்குள், வேறு வேறு நேரத்தில் பழுக்கும் பல மரங்கள் வேண்டும். சாலை அகலப்படுத்தும்போது ஒரு ஆலமரம் போவது ஒரு மரம் போவது மாதிரிதான் கணக்கில் எழுதப்படும். புறாவுக்கு அது வருஷத்தில் சில வாரச் சாப்பாடு போவது. பதிலுக்கு நடப்படும் கன்று ஆலமரமாகிப் பழம் தரும்வரை அந்த வாரங்கள் காலியாகவே இருக்கும். கொச்சியிலிருந்து தொண்டி போகும் தேசிய நெடுஞ்சாலை 85 போடி வழியாகத்தான் போகிறது; மூணாறு – போடிமெட்டுப் பகுதி ஏற்கெனவே அகலமாகிவிட்டது.

மாந்தோப்புக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம்: இது தோப்பைச் சேதப்படுத்துமா? பச்சைப்புறாவின் அலகு கடித்துத் துண்டாக்கும் அலகு இல்லை. விழுங்க முடிந்த சின்னப் பழத்தை முழுசாக விழுங்கும். கிளி மாதிரி மாங்காயைக் குதறுவது இதன் வேலை கிடையாது. ஏலக்காய்க்கும் பயமில்லை; ஏலக்காய் செடியின் அடியில் தரையோரம் காய்ப்பது, இது மர உச்சியில் இருப்பது.

பழம் தின்பதால் விதை பரப்புமா?

இங்கேதான் பலரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. பழம் தின்னும் பறவை என்றாலே ‘காட்டை விதைக்கும் பறவை’ என்று எழுதிவிடுவது வழக்கம். பச்சைப்புறாவுக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பொருந்தாது.

ட்ரெரான் புறாக்களின் இரைப்பை தடித்த தசை கொண்டது, உள்ளே அம்மி மாதிரி அரைக்கும். அத்திப் பழத்தோடு போகும் பொடி விதைகளில் பெரும்பாலானவை அங்கே மாவாகி ஜீரணமாகிவிடும். மலேசியாவின் தாழ்நிலக் காட்டில் செய்து 1989-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது: பச்சைப்புறாக்கள் அத்தி விதையைப் பரப்புவதை விட அழிப்பதே அதிகம். அதாவது சதைக்கும் விதைக்கும் சேர்த்தே அது வருகிறது.

டைலினோபஸ் என்ற அந்த வண்ணப் புறாக்களும், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ‘இம்பீரியல் பிஜியன்’ எனப்படும் பெரும்புறாவும் வேறு மாதிரி. அவற்றின் வயிறு மென்மை. சதையை மட்டும் எடுத்துக்கொண்டு விதையை முழுசாக வெளியே விட்டுவிடும். காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதையை அப்படி வாயகல விழுங்கித் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது பெரும்புறா. அத்தி விதையைப் பரப்புவது குக்குறுவான், கொண்டைக்குருவி, மைனா, இருவாச்சி, பழந்தின்னி வவ்வால் இவர்கள் வேலை.

அப்போ பச்சைப்புறாவால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி வரும். இரைகொல்லிப் பறவைகளுக்கு உணவு, கிளையை ஆட்டிப் பழம் உதிர்த்துக் கீழே இருக்கும் விலங்குகளுக்குப் பந்தி போடுவது என்று சிலதைச் சொல்லலாம். ஆனால் கூலி கொடுத்து வேலைக்கு வைத்த மாதிரி ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வேலை கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு சரிவில் சாம்பல்நெற்றி கூட்டமாகத் தங்குகிறது என்றால் அங்கே பழம் தரும் பெரிய நாட்டு மரங்கள் இன்னும் நிற்கின்றன என்று பொருள். அந்தத் தகவலே பெரிது.

ஏலத்தோட்டத்தில் இதன் எதிர்காலம் எதில் இருக்கிறது?

கவாத்துக் கத்தியில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

ஏலம் நிழலில் வளரும் செடி. காட்டு மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு நடுகிற பயிர் இல்லை. தேயிலைக்கும் ஏலத்துக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். தேயிலை மலையில் மரத்தைத் தேடவேண்டும். ஏலமலையில் கீழே செடி, மேலே பலா, சந்தன வேம்பு, நாவல் வகை, அத்தி வகை என்று காட்டின் கூரை ஓரளவுக்கு அப்படியே நிற்கும். சாம்பல்நெற்றி தோட்டத்திலும் வாழ முடிவது அதனால்தான். 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது முகாமிட்ட இடங்களில் சாந்தன்பாறையும் ஒன்று. அன்றைக்கே அது ஏலத்தோட்டப் பகுதிதான்.

வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நிழல்மரத்தில் ஏறிக் கிளை கழிப்பார்கள். வெளிச்சம் கொஞ்சம் இறங்கவேண்டும் என்பதற்காக. இது எப்போதும் உள்ளது. பிரச்சினை அளவில்தான். 1980-களின் இறுதியில் இடுக்கி விவசாயி ஒருவரின் தோட்டத்தில் உருவான ஞள்ளானி ரகம் ஏலமலையையே மாற்றிவிட்டது. விளைச்சல் பழைய ரகங்களைவிடப் பல மடங்கு. அதற்கு வெளிச்சமும் அதிகம் வேண்டும், உரமும் மருந்தும் அதிகம் வேண்டும். விளைவு, கிளை கழிப்பது மொட்டையடிப்பதாக மாறியது. மரம் வெட்ட அனுமதி வாங்கவேண்டும்; கிளை கழிக்கலாம். உச்சியில் ஒரு கொத்து இலையோடு தென்னை மாதிரி நிற்கும் நிழல்மரம் ஏட்டில் மரம்தான். அதில் புறா கூடு கட்டாது, பழமும் இருக்காது.

போன மரத்துக்குப் பதிலாக நடுவது எது என்பதும் முக்கியம். சில்வர் ஓக் சீக்கிரம் வளரும், நேராக வளரும், மிளகுக்கொடி ஏற்ற வசதி, பிறகு விற்கலாம். விவசாயி அதைத் தேர்ந்தெடுப்பதில் தப்பு சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தில் புறா தின்ன ஒரு பழமும் கிடையாது.

இதில் நஷ்டம் பறவைக்கு மட்டும் என்று நினைக்கவேண்டியதில்லை. 2024 கோடையில் இடுக்கியில் வெயில் ஏலத்தோட்டங்களைக் கருக்கியெடுத்தது, பல தோட்டங்களில் செடியே காய்ந்துபோனது. போடியில் ஏல வியாபாரம் பார்க்கும் யாரைக் கேட்டாலும் அந்த வருஷத்தைச் சொல்வார்கள். நிழலும் ஈரமும் வேண்டிய செடிக்கு மேலே மரம் எவ்வளவு இருக்கவேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு புறாவுக்காக மட்டும் பேசப்படுவது இல்லை.

வேட்டையாடினால் என்ன ஆகும்?

பச்சைப்புறா பழைய காலத்திலிருந்தே கறிக்காகச் சுடப்பட்ட பறவை. பழுத்த ஆலமரத்தடியில் நின்றால் போதும், தேடி வரும் என்பதால் ஆங்கிலேயர் காலத்துத் துப்பாக்கி வேட்டைக்காரர்களுக்குப் பிடித்தமானது. இன்றைக்கும் கவட்டை, ஏர்கன், வலை என்று ஆங்காங்கே நடக்கிறது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி இது குற்றம். மாடப்புறாவுக்கு மட்டும்தான் பழைய அட்டவணையில் விலக்கு இருந்தது. மற்ற புறாக்களில் பெரும்பாலானவை நான்காம் அட்டவணையில் இருந்தன. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு அட்டவணைகள் நான்காகக் குறைந்தன. ‘புறாதானே’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. கூண்டில் வைத்து வளர்ப்பதும் அப்படித்தான்.

சர்வதேச அளவில் இரண்டு இனமும் இப்போதைக்கு ‘தீவாய்ப்பு குறைந்தவை’ என்ற பட்டியலில்தான் இருக்கின்றன. உடனே அழிந்துவிடும் நிலை இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் ஒரு இனத்தின் மொத்த நிலையைச் சொல்வது. குரங்கணிச் சரிவிலோ போடிமெட்டிலோ என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதற்கு இல்லை.

பெயர் எப்படி வந்தது?

மஞ்சள்காலுக்கு 1790-இல் அறிவியல் பெயர் வைத்தவர் ஆங்கிலேயரான ஜான் லேதம். ட்ரெரான் ஃபீனிகோப்டெரஸ். பின்பாதிக்கு ‘செந்நிறச் சிறகு’ என்று பொருள். பூநாரையின் பேரினப் பெயரும் இதே சொல்தான். புறாவின் தோளில் இருக்கும் அந்த வெளிறிய ஊதாத் திட்டைத் தவிர சிவப்புக்கு அதனிடம் வேறு ஆதாரம் இல்லை. கால் நிறத்தைச் சொல்லும் நாட்டுப்பெயர் இதைவிட எவ்வளவோ மேல்.

சாம்பல்நெற்றியை 1840-இல் விவரித்தவர் மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்திய கம்பெனி மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன். அவர் வைத்தது அஃபினிஸ், அதாவது ‘உறவுக்காரன்’. ஆனால் பின்னால் வந்தவர்கள் அதைத் தனி இனம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. இலங்கை, மேற்குத் தொடர்ச்சி மலை, வடகிழக்கு இந்தியா, அந்தமான், பிலிப்பைன்ஸ் வரை உள்ள அரக்கு முதுகுப் புறாக்களை எல்லாம் ‘பாம்படூர் பச்சைப்புறா’ என்று ஒரே பெயரில் கட்டிவைத்தார்கள். பழைய பறவைப் புத்தகம் கையில் இருந்தால் அதில் அந்தப் பெயர்தான் இருக்கும்.

2005-இல் வெளியான ராஸ்முசன், ஆண்டர்டன் எழுதிய தெற்காசியப் பறவைகள் நூல் அந்தக் கட்டை அவிழ்த்தது. இலங்கைக்கு ஒன்று, அந்தமானுக்கு ஒன்று, வடகிழக்குக்கு ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒன்று. இலங்கைப் புறாவின் நெற்றி மஞ்சள் சாயல், நம்முடையது சாம்பல். இந்தப் பிரிவினைக்குப் பிறகுதான் போடி மலையில் விசில் அடிக்கும் பறவை ‘ஆசியா முழுக்க இருக்கும் ஒன்று’ என்பதிலிருந்து ‘இங்கே மட்டும் இருக்கும் ஒன்று’ ஆனது. பறவை மாறவில்லை. ஜெர்டன் 165 வருஷத்துக்கு முன்னால் சொன்ன இடத்துக்கே திரும்பி வந்தார்கள்.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

காலையில் சீக்கிரம். வெயில் ஏறும் முதல் ஒரு மணி நேரத்தில் மஞ்சள்கால் கூட்டம் உயரமான மரத்தின் பட்டுப்போன உச்சிக் கிளையில் வரிசையாக உட்கார்ந்து வெயில் காயும். இலை மறைப்பு இல்லாமல் காலைப் பார்க்க அதுவே நல்ல நேரம். அப்புறம் பழ மரத்துக்குள் போய்விட்டால் தேடுவது கஷ்டம். மரத்தடியில் பாதி தின்ற பழங்கள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தால், மேலே ஆள் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அசையாமல் ஐந்து நிமிஷம் நின்றால் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியும்.

சாம்பல்நெற்றிக்கு மலைப்பாதையில் வண்டியை ஓரமாக நிறுத்த இடம் இருக்கும் வளைவுகளில், பழம் தரும் மரம் கண்ணுக்கு நேர் உயரத்தில் வரும் இடமாகப் பார்த்து நிற்கலாம். வனப்பகுதிக்குள் அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கடுமையாகிவிட்டன. கோடையில் பாதைகள் மூடப்படுவதும் உண்டு.

பார்த்ததை இ-பேர்ட் செயலியில் பதிவிடலாம். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். 15 நிமிஷம் ஒதுக்கினால் யாரும் கலந்துகொள்ளலாம். பதிவிடும்போது படத்தில் கால் தெளிவாகத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் ‘பச்சைப்புறா, இனம் தெரியவில்லை’ என்று போடுவதற்கும் செயலியில் இடம் இருக்கிறது.